வெள்ளை ஏரியின் கரையில்

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. சிறு வயது முதல் கேட்டுப் பழகிய அவ்வாக்கின் பொருளை, அறுபது வயதைக் கடந்த பின்னர், இமயத்தின் மறுபுறத்தே மூச்சு விடுவதற்கே முயற்சி வேண்டியிருந்த ஓர் உப்பேரியின் கரையில் நின்றுகொண்டுதான் நாங்கள் உணர்ந்தோம். அந்த அனுபவத்தை நம் பங்குக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது சிலருக்கேனும் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தால் இதனை எழுதலானோம்.

நாங்கள் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர்கள். கணவனும் மனைவியுமாக ஒரே குழித்தறியில் நாற்பது ஆண்டுகள் உழைத்தவர்கள். விடியுமுன் தெருவிலே பாவு நீட்டிக் கஞ்சி போடுவதும், வெயில் ஏறுமுன் அதனைச் சுருட்டி எடுப்பதும், பிறகு நாளெல்லாம் தறிக்குழியில் காலை விட்டு மிதிப்பதுமே எங்கள் வாழ்வு. காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வையில் உள்ளது என்பதைப் பலரும் அறிவர். சேலையின் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடா, ஆக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். உடலின் இழையும் கரையின் இழையும் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். இதனை ஒருவர் தனித்துச் செய்ய இயலாது. நெய்பவர் ஒருவர் இருக்க, மறுகரையின் நாடாவை வாங்கிக் கொடுப்பதற்கு இன்னொருவர் அருகில் அமர வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் பத்து வயது முதல் பள்ளி விட்டு வந்து உட்கார்ந்தவன் எங்கள் ஒரே மகன்.

அவன் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் பட்டயப் படிப்பு முடித்தான். 2016ஆம் ஆண்டு ஒரு நாள் மாலை, சாலை அமைக்கும் பணியில் தனக்கு வேலை கிடைத்திருப்பதாகவும், வடகோடியிலுள்ள லடாக்கிற்குச் செல்லப்போவதாகவும் சொன்னான். எங்களுள் தகப்பனாராகியவருக்குக் கோபம் தலைக்கேறிற்று. நான்கு தலைமுறையாக நிற்காத தறியை நீ நிறுத்தப் போகிறாயா என்று கேட்டார். கூலி போதவில்லை, விசைத்தறிச் சேலையோடு நாம் போட்டியிட முடியவில்லை, உங்கள் முதுகும் கண்ணும் போனதுதான் மிச்சம் என்று அவன் மறுமொழி சொன்னான். சொன்னவை யாவும் உண்மை. உண்மையாக இருந்ததனாலேயே அவை மிகவும் சுட்டன. “இனி இத்தறியின் மீது உன் நிழலும் விழ வேண்டாம்” என்னும் சொல் எங்கள் வீட்டில் எழுந்தது. அவன் மறுநாளே புறப்பட்டுப் போனான்.

ஆறு ஆண்டுகள் தந்தையும் மகனும் பேசவில்லை. எங்களுள் தாயாகியவள் மட்டும் அவ்வப்போது தொலைபேசியில் பேசுவாள். அதனை மறைத்தும் வைக்கவில்லை, வெளிப்படையாகச் சொல்லவும் இல்லை. நாள்தோறும் மாலைச் செபமாலையில் எங்களுக்குப் பிழை செய்தவர்களைப் பொறுப்பது பற்றி வாயால் சொல்லிவிட்டு எழுந்தோம். வாய் சொன்னதை நெஞ்சு கேட்கவில்லை. இதனை ஒளிக்காமல் ஒப்புக்கொள்வதே முறை.

2021ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அவனிடமிருந்து ஒரு பொதி வந்தது. தாய்க்கு ஒரு கம்பளிச் சால்வை. அதனுள்ளே துணியில் முடிந்த ஒரு கைப்பிடி உப்பு. நம் கடையில் விற்கும் தூள் உப்பன்று. மங்கிய வெண்மையும் சற்று மண் கலப்பும் உடைய கட்டி உப்பு. “இங்கும் ஓர் உப்பளம் உண்டு. நான் தங்கும் இடத்திற்கு அருகிலுள்ள ஒரு மூதாட்டி தன் வீட்டில் பழைய சேமிப்பாக வைத்திருந்ததைக் கொடுத்தார். ஒரு முறை வந்து பாருங்கள், இருவருமாக” என்று சீட்டு எழுதியிருந்தான். இருவருமாக என்னும் சொல்லின் கீழே கோடு போட்டிருந்தான்.

தகப்பனாராகியவர் அவ்வுப்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மரவையின் அருகில் வைத்தார். எங்கள் தலைமுறையினர் குழந்தைகளாகத் திருமுழுக்குப் பெற்றபோது குருவானவர் நாவிலே உப்பு வைத்தார். 1969ஆம் ஆண்டில் சடங்கு திருத்தப்பட்ட பின்னர் அவ்வழக்கம் நின்றது. எங்கள் மகனுக்கு அந்த உப்பு கிட்டவில்லை. இப்போது அவனே எங்களுக்கு உப்பு அனுப்பியிருக்கிறான் என்று தாயாகியவள் சொன்னாள். அதற்கு மறுப்புச் சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை.

மருத்துவரிடம் உடலைக் காட்டி, அவர் சொன்ன அறிவுரைகளைக் கேட்டுக்கொண்டு, 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் புறப்பட்டோம். தில்லி வரை இரயில், அங்கிருந்து லே நகருக்கு விமானம். நம் காஞ்சி கடல்மட்டத்திற்கு மேல் 83 மீட்டர் உயரத்தில் உள்ளது. லே நகரமோ ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. விமானத்திலிருந்து இறங்கிப் பத்தடி நடந்ததும் இரண்டு மாடி ஏறியதுபோல மூச்சு வாங்கிற்று. காற்றின் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் குறைகிறது. உடல் இதற்குப் பழக நாள் எடுத்துக்கொள்ளும். அவசரப்படுவோர்க்குத் தலைவலி, வாந்தி தொடங்கி, நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே ஊறு நேர்வதும் உண்டு. ஆகவே நான்கு நாள்கள் லேயிலேயே படுத்தும் உட்கார்ந்தும் கழித்தோம். மகன் வெந்நீரும் கஞ்சியும் கொண்டுவந்து கொடுத்தான். தந்தைக்குரிய குவளையைத் தாயின் கையில் கொடுப்பான். தந்தையும் தாயின் கையிலிருந்தே வாங்கிக்கொள்வார். சொல் ஒன்றும் பரிமாறப்படவில்லை.

அந்நாள்களில் எங்களுக்கு ஆறுதலாயிருந்தது ஒரு குருவானவரின் வரலாறு. இத்தாலி நாட்டு இயேசு சபைக் குரு இப்போலித்தோ தெசிதேரி 1715ஆம் ஆண்டு ஜூன் மாதம் இதே லே நகருக்கு வந்து சேர்ந்தார். சாலையும் வண்டியும் இல்லாத காலம். இங்கிருந்து கிழக்கே சென்று 1716ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் லாசா நகரை அடைந்தார். திபெத்திய மொழியைக் கற்று அம்மொழியிலேயே நூல்களும் எழுதினார். 1721ஆம் ஆண்டில் திபெத்தை விட்டு நீங்கிய அவர், சில ஆண்டுகள் கழித்து நம் புதுச்சேரிக்கு வந்து தமிழ் கற்கத் தொடங்கினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பனிமலை நாட்டு மொழியையும் நம் மொழியையும் ஒரே நாவில் வைத்த அம்மனிதர் 1733ஆம் ஆண்டு உரோமையில் காலமானார். ஊரை விட்டுப் போவதெல்லாம் உறவை முறித்துப் போவதாகாது என்பதற்கு அவரே சான்றாவார்.

ஐந்தாம் நாள் காலை ஏரிக்குப் புறப்பட்டோம். சிந்து ஆற்றின் ஓரமாகவே உப்ஷி வரை சென்று, பின்னர் மணாலிச் சாலையில் தெற்கே திரும்பி, கியா, ரும்ட்சே என்னும் சிற்றூர்களைக் கடந்து மலை ஏறினோம். தக்லாங் லா கணவாயின் உச்சியில் 17,582 அடி என்று பலகை எழுதியிருந்தது. அங்கே வண்டியை அதிக நேரம் நிறுத்தலாகாது என்று மகன் தாயிடம் சொன்னான். கணவாயைத் தாண்டி இறங்கினால் ரூப்ஷு என்னும் பரந்த மேட்டுநிலம். மரம் என்று சொல்ல ஒன்று இல்லை. பழுப்பும் சாம்பலும் ஊதாவுமான மலைகள் மட்டும் நாற்புறமும் வெறுமையாக நிற்கின்றன. சாலையை விட்டுப் பிரிந்து சிறிது தூரம் சென்றதும், தொலைவிலே வெள்ளைத் துணியை விரித்து உலர்த்தியதுபோல ஒரு பரப்புத் தெரிந்தது.

அதுவே சோ கார். அவ்வூர் மொழியில் சோ என்றால் ஏரி. கார் என்றால் வெள்ளை. கடல்மட்டத்திற்கு மேல் 4,500 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு நம் கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழப் பத்தில் ஆறு பங்கே. தெற்கே ஸ்டார்ட்சாபுக் சோ என்னும் நன்னீர் ஏரி, சுமார் 438 எக்டேர். அதன் நீர் வடக்கேயுள்ள சோ காருக்கு வழிகிறது. சோ கார் சுமார் 1,800 எக்டேர் பரப்புடையது. அதற்கு வெளியேறும் வழி கிடையாது. மலையிலிருந்து நீர் கரைத்துக்கொண்டு வரும் உப்புகள் உள்ளே வந்து தங்கிவிட, வெயிலும் காற்றும் நீரை மட்டும் கொண்டுபோகின்றன. ஆண்டாண்டாக இவ்வாறு நடந்து, கரையெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கிறது. பக்கத்து மலைச்சரிவுகளிலே ஒன்றன்மேல் ஒன்றாக வரிவரியாய்த் தெரிவன பழைய கரைகள். முற்காலத்தில் ஏரி எவ்வளவு பெரிதாயிருந்து சுருங்கிற்று என்பதை அவை காட்டுகின்றன. இவ்விரு ஏரிகளும் சேர்ந்து 2020ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன.

உலகில் இதனினும் பன்மடங்கு பெரிய உப்புவெளி உண்டு. தென் அமெரிக்காவிலே பொலிவியா நாட்டின் உயூனி உப்புவெளி 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்புடையது. உயரம் 3,656 மீட்டர். அதன் முன்னே சோ கார் ஒரு சிறு தட்டு. ஆயினும் எங்கள் கண்களுக்கு அதுவே போதுமானதாயிருந்தது. மரக்காணத்து உப்பளங்களைக் கண்டு பழகிய எங்களுக்கு, பாத்தி கட்டாமலும், நீர் இறைக்காமலும், மனிதன் கைபடாமலும் விளைந்து கிடக்கும் உப்பு பெருவியப்பாயிருந்தது. குனிந்து ஒரு சிறு துணுக்கை நாவில் வைத்தபோது உப்போடு கைப்பும் கலந்திருந்தது.

தொலைவிலே காட்டுக் கழுதைக் கூட்டம் ஒன்று எங்களைப் பார்த்துக் காதை நிமிர்த்தி நின்றது. நன்னீர் ஏரியின் பக்கமாகக் கருங்கழுத்துக் கொக்கு இரண்டு கண்டோம். தலையிலே கறுப்பு வரிகளுடைய வாத்துகளும் இருந்தன. இவ்வகை வரித்தலை வாத்துகள் கோடையில் இவ்வுயரங்களிலே குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் தெற்கே பறக்கின்றன; திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்திற்கும் அவை வருகின்றன என்று மகன் தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தான். தந்தையாகியவர் கேட்காதவர்போல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

துக்ஜே என்னும் சிற்றூரை அடுத்து, காட்டெருமை இனத்தைச் சேர்ந்த யாக் மாட்டின் மயிரால் நெய்த ஒரு கறுப்புக் கூடாரம் இருந்தது. எங்களுக்கு உப்பு தந்த மூதாட்டி அங்கிருந்தார். இவர்கள் சாங்பா என்னும் மேய்ச்சல் மக்கள். ஆடுகளையும் யாக்குகளையும் ஓட்டிக்கொண்டு புல் தேடி ஆண்டு முழுதும் இடம் மாறுவோர். உலகப் புகழ் பெற்ற பஷ்மீனா மென்மயிர் இவர்களுடைய வெள்ளாடுகளின் உள்மயிரே. குளிர் தாங்குவதற்காக இறைவன் அவ்வாட்டிற்கு உடுத்திய அவ்வுள்ளாடையை, கோடை தொடங்கும்போது இவர்கள் சீப்பால் சீவி எடுக்கின்றனர்.

உள்ளே நுழைந்ததும் எங்கள் இருவர் கண்களும் ஒரே இடத்தில் நின்றன. மூதாட்டி நெய்துகொண்டிருந்தார்! பாவின் ஒரு முனை தரையில் அடித்த முளையில். மறுமுனை அவர் இடுப்பைச் சுற்றிய பட்டையில். உடலைப் பின்னே சாய்த்தால் பாவு இறுகும். முன்னே வந்தால் தளரும். குழியும் இல்லை, மிதியும் இல்லை. கூடாரத்தைக் கழற்றும்போது தறியையும் சுருட்டிக் கழுதை மேல் வைத்துவிடலாம். அங்கே பெண்கள் இவ்விடுப்புத் தறியிலும், ஆண்கள் வேறொரு தறியில் கூடாரத் துணியும் நெய்வர் என்று அறிந்தோம். தாயாகியவள் கேளாமலே அருகில் அமர்ந்து பாவைத் தொட்டுப் பார்த்தாள். அறுந்திருந்த ஓர் இழையைக் கண்டு விரலால் முறுக்கிப் பிணைத்தாள். மூதாட்டி அவள் விரல்களைப் பார்த்துவிட்டு, உரத்துச் சிரித்து, எங்களுக்கு வெண்ணெயும் உப்பும் கலந்த தேநீர் ஊற்றினார். முதல் வாய் எங்களுக்கு இரசம்போல் தோன்றிற்று. மூன்றாம் வாயில் உடல் சூடேறுவது தெரிந்தது.

அம்மொழியில் ஓரளவு பழகியிருந்த எங்கள் மகனே இடையில் இருந்து மொழிபெயர்த்தான். கூடாரத்தின் மூலையில் இரட்டைப் பை ஒன்று தொங்கிற்று. கம்பளியால் நெய்து, ஓரங்களில் தோல் வைத்துத் தைத்தது. உப்பை அதில் நிரப்பிச் செம்மறி ஆட்டின் முதுகில் இருபுறமும் தொங்கவிடுவர். நூற்றுக்கணக்கான ஆடுகள் வரிசையாகக் கணவாய்களைக் கடந்து செல்லும். சான்ஸ்கார் பள்ளத்தாக்கினரிடம் உப்பைக் கொடுத்து வாற்கோதுமை வாங்குவர். அம்மூதாட்டியின் கணவர் இளமையில் அப்படிச் சென்றவர். நம் பழந்தமிழ் நாட்டிலே உமணர்கள் வண்டியில் உப்பேற்றி உள்நாடு சென்று நெல் பெற்றதைப் பள்ளியில் படித்த நினைவு எங்களுக்கு வந்தது.

அவ்வணிகம் இப்போது இல்லை. 1962ஆம் ஆண்டுப் போருக்குப் பின் திபெத் எல்லை அடைபட்டது. பிறகு சாலைகள் வந்தன. சாலை வழியே லாரிகளில் சமவெளியின் அயோடின் உப்பு வந்தது. அதுவும் தேவையானதே. இமயமலைப் பகுதிகளில் அயோடின் குறைவால் முன்கழுத்துக் கழலையும், குழந்தைகளின் மூளை வளர்ச்சிக் குறைவும் மிகுந்திருந்தமையால், 1962ஆம் ஆண்டிலேயே நடுவண் அரசு தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. ஆட்டின் முதுகில் வந்த உப்பு நின்றது. உப்பு சேர்க்கும் தொழிலும் அதனோடு தளர்ந்தது. மூதாட்டியின் மூத்த மகன் லேயில் வாடகை வண்டி ஓட்டுகிறான். இளையவன் மட்டும் மந்தையோடு இருக்கிறான்.

“மூத்தவர் மந்தையை விட்டுப் போனபோது உங்களுக்கு வருத்தமில்லையா?” என்று தாயாகியவள் கேட்கச் சொன்னாள். மகன் சிறிது தயங்கிக் கேட்டான். மூதாட்டி நாடாவை நிறுத்தாமலே நீளப் பேசினார். மகன் தலையைக் குனிந்தவாறு மொழிபெயர்த்தான்: “வருத்தம் இருந்தது. ஒரு குளிர்காலம் முழுதும் அழுதேன். ஆனால் அவன் போனது என்னைப் பிடிக்காமல் அன்று. இங்கே அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லாமல். பனி உருகியதும் நானே போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தேன்.”

பிறகு அவர் எங்களைப் பார்த்து ஏதோ வினவினார். எங்கள் மகன் வாய் திறக்கவில்லை. அவர் மறுபடியும் வினவினார். அவன் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, எங்கோ பார்த்தபடி, “உங்களுக்கு மகன் இருக்கிறானா என்று கேட்கிறார்” என்றான்.

கூடாரத்தின் துணி காற்றில் அடித்துக்கொள்ளும் ஓசை மட்டும் கேட்டது. எங்களுள் தகப்பனாராகியவர் ஆறு ஆண்டுகளாக எந்த முகத்தைப் பாராமல் இருந்தாரோ அந்த முகத்தைப் பார்த்தார். “இருக்கிறான், இவன்தான் என்று சொல்லப்பா” என்றார்.

அப்பா என்று தன்னை அவர் அழைத்ததைக் கேட்டதும் அவன் மொழிபெயர்க்க மறந்து அழுதுவிட்டான். மூதாட்டிக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. மூவருக்கும் மறுபடி தேநீர் ஊற்றினார். அந்தத் தேநீரில் உப்பு சற்று மிகுந்திருந்தது அவர் கையாலா, எங்கள் கண்ணாலா என்று பிரித்தறிய எங்களால் ஆகவில்லை.

பிற்பகலில் அவ்வெளியில் கடுங்காற்று எழும். எங்களுள் தாயாகியவளுக்குத் தலைவலி தொடங்கவே, இரவு தங்கும் எண்ணத்தைக் கைவிட்டு உடனே திரும்பினோம். தலைவலி தோன்றினால் மேலும் ஏறாமல் கீழே இறங்குவதே மருந்து என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். திரும்பும் வழியெல்லாம் தந்தையும் மகனும் பேசிக்கொண்டே வந்தனர். பெரிய பேச்சு ஒன்றும் அன்று. சாலைக்குக் கல் எங்கிருந்து வருகிறது, பனிக்காலத்தில் தார் எப்படி நிற்கிறது, ஜரிகை இப்போது என்ன விலை, பக்கத்து வீட்டுத் தறி இன்னும் ஓடுகிறதா என்னும் சிறு பேச்சுகள். நிகழ்ந்ததற்கு மன்னிப்பு என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஆயினும் பேசத் தொடங்கியதே அதற்கு வழி திறந்தது.

ஊர் திரும்பிய பின் எங்கள் தறியின் நிலை மாறிவிடவில்லை. கூலியும் கூடவில்லை. மறுகரையில் உட்காருவதற்கு ஆள் தேடும் இடர் இன்றும் உண்டு. ஆனால் தறியை நிறுத்தியவன் நம் பிள்ளை என்று சொல்வதை நாங்கள் நிறுத்திவிட்டோம். தொழில்கள் பிறக்கின்றன, தேய்கின்றன. ஆட்டின் முதுகில் சென்ற உப்பு லாரியில் செல்கிறது. அதற்காக ஆட்டையோ லாரியையோ மகனையோ வைது பயனில்லை. நம் கைத்தொழிலைக் காக்க வேண்டியது அரசின் கடன், வாங்குவோரின் கடன், நம் கடனும்கூட. ஆனால் அக்கடனை அடைப்பதற்காகப் பெற்ற பிள்ளையை ஈடு வைக்கலாகாது.

அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு மகன் விடுமுறையில் வந்தான். மூன்றாம் நாள் காலை நாங்கள் எழுந்தபோது தறியின் மறுகரையில் அவன் உட்கார்ந்திருந்தான். “கை மறந்துவிட்டதா என்று பார்க்கிறேன்” என்றான். கை மறக்கவில்லை. ஒரு வாரம் இருந்து, ஒரு முந்தி முடியும்வரை நாடா வாங்கிக் கொடுத்துவிட்டுப் பணிக்குத் திரும்பினான்.

அவன் அனுப்பிய உப்பு இன்னும் மரவையின் அருகில் இருக்கிறது. அதில் அயோடின் இல்லாமையால் சமையலுக்கு எடுப்பதில்லை. மழைக்காலத்தில் அது கசிகிறது. வெயில் வந்ததும் மறுபடி உறைகிறது.

இதனை வாசிக்கும் பெற்றோருள், பிள்ளையோடு பேசாதிருப்போர் ஒருவரேனும் இருக்கக்கூடும். அவர்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்றே. நாங்கள் 4,500 மீட்டர் உயரம் ஏறி, ஓர் அயல்மொழி மூதாட்டி கேட்ட பிறகே வாய் திறந்தோம். நீங்கள் அவ்வளவு தொலைவு போக வேண்டுவதில்லை. இன்று மாலை செபமாலை முடிந்ததும் தொலைபேசியை எடுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அது போதும்.